அம்புகள் சொல்லும் எண்

மேகாலயாவின் தலைநகரான ஷில்லாங்கில் ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் பிற்பகலில் வில்லாளிகள் ஒரு மைதானத்தில் கூடி, உருளையாகக் கட்டிய ஓர் இலக்கை நோக்கி நூற்றுக்கணக்கான அம்புகளை எய்கிறார்கள். எய்து முடித்ததும் இலக்கில் தைத்து நிற்கும் அம்புகளை மட்டும் எண்ணுகிறார்கள். அந்தத் தொகையின் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் அன்றைய எண். 738 அம்புகள் தைத்திருந்தால் 38. 604 என்றால் 04. சரியாக 700 என்றால் 00. அந்த இரண்டு இலக்கங்களை நம்பித்தான் காலையிலிருந்து ஊரெங்கும் பணம் கட்டப்பட்டிருக்கும். இதற்குத் தீர் என்று பெயர். காஸி மொழியில் தோ டிம் என்பார்கள். அரசு உரிமம் கொடுத்து, வரி வாங்கி, பட்டப்பகலில் நடக்கும் சூதாட்டம் இது.

ஷில்லாங் வரை ரயில் இல்லை. குவாஹாட்டியில் இறங்கி, ஷேர் டாக்ஸியாக ஓடும் சுமோவிலோ பேருந்திலோ சுமார் 100 கிலோமீட்டர் மலையேற வேண்டும். தீரின் அடையாளங்கள் ஷில்லாங்கில் அல்ல, குவாஹாட்டி முடியும் இடத்திலேயே தென்படத் தொடங்கிவிடுகின்றன. நகரின் விளிம்பில், அசாமும் மேகாலயாவும் தொட்டுக்கொள்ளும் இடம் கானாபாரா. அங்கே தனியாக ஓர் அம்பெய்தல் நடக்கிறது; அதன் எண்ணும் தனி. ஷில்லாங் எண்ணுக்கும் கானாபாரா எண்ணுக்கும் தொடர்பில்லை. ஒன்றில் தோற்றவர் இன்னொன்றில் கட்டலாம் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள ஒரே உறவு. அதைத் தாண்டி ஜோராபாட்டில் சாலை தெற்கே திரும்புகிறது. கொஞ்ச தூரத்துக்குச் சாலையின் ஒரு பக்கம் அசாம், மறுபக்கம் மேகாலயா. மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுவதால் கடைகளும் பக்கம் பார்த்தே அமைந்திருக்கின்றன. நோங்போவில் வண்டி தேநீருக்கு நிற்கும். அன்னாசிப்பழம் குவித்து விற்கும் பெண்கள், தாம்பூலம் மடித்துத் தரும் பெட்டிக்கடைகள், அவற்றுக்கு நடுவே தகரமோ பலகையோ அடித்த ஒரு சிறு அறை, வாசலில் கரும்பலகை. பலகையில் எஃப்.ஆர்., எஸ்.ஆர். என்று இரண்டு வரி. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. எதிரே முந்தைய நாளின் எண்கள் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். வேறு விளம்பரம் எதுவும் வேண்டியதில்லை. 1960களில் அணை கட்டித் தேக்கிய உமியாம் ஏரியைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஷில்லாங் வரும்போது இந்தக் கரும்பலகைகள் தெருவுக்குத் தெரு வந்துவிடுகின்றன.

கவுன்ட்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கட்டும் முறை எளியது. 00 முதல் 99 வரை ஏதாவது ஓர் எண்ணையும் தொகையையும் சொல்ல வேண்டும். எழுதுபவர் சிறு சீட்டில் அதைக் குறித்துக் கொடுப்பார். ஒரு ரூபாய்க்கும் கட்டலாம். முழு எண்ணை ஊகிக்கத் துணிவில்லாதவர் பத்தாம் இட இலக்கத்தை மட்டும் கட்டலாம். அதற்கு ஹவுஸ் என்று பெயர். ஒன்றாம் இட இலக்கத்தை மட்டும் கட்டினால் அது எண்டிங். இரண்டு சுற்றுகளின் எண்களையும் சேர்த்துச் சரியாகச் சொல்வது ஃபோர்காஸ்ட். அரசு அலுவலக ஊழியர், காய்கறி மூட்டை இறக்குபவர், டாக்ஸி ஓட்டுநர், முதுகுக் கூடையோடு சந்தைக்கு வந்த கிராமத்துப் பெண் என்று பலரும் ஒரே சன்னலில் நின்று சீட்டு வாங்குவதை இயேவ்டூ சந்தையைச் சுற்றியுள்ள சந்துகளில் பார்க்கலாம். வயதில் மூத்த பெண்ணைக் 'கோங்' என்றும் ஆணை 'பா' என்றும் அழைப்பது இங்கே மரியாதை. கவுன்ட்டரில் இருப்பவரிடமும் அப்படித்தான் பேச்சு தொடங்குகிறது. பேச்சு பெரும்பாலும் கனவைப் பற்றியது.

எண்ணைத் தேர்ந்தெடுக்க இங்கே கனவு முதல் வழி. முந்தைய இரவு கனவில் வந்தது ஆணா பெண்ணா, வீடா காடா, நீரா நெருப்பா, எந்த விலங்கு, எத்தனை விலங்கு என்பதற்கெல்லாம் எண்கள் உண்டு. ஒரே கனவுக்கு ஒருவர் சொல்லும் எண் வேறு, அடுத்தவர் சொல்லும் எண் வேறு. கனவு எண்களின் பட்டியல் அச்சிட்ட தாளாகவும் கிடைக்கிறது, கைபேசியிலும் சுற்றுகிறது. ஆனாலும் பழைய ஆட்டக்காரர்கள் பட்டியலை நம்புவதில்லை. கனவை முழுதாகக் கேட்டு, அதில் எது முக்கியம் என்று எடைபோட்டு எண் சொல்பவரையே தேடிப் போகிறார்கள். வண்டி எண், வழியில் கண்ட விபத்து, இறந்தவரின் வயது எல்லாமே எண்ணாகும். இரண்டாவது வழி, பழைய முடிவுகளை வரிசையாக எழுதிவைத்து அவற்றில் ஒழுங்கு தேடுவது. இப்படிக் கணித்துச் சொல்லும் எண்ணைக் காமன் நம்பர் என்கிறார்கள். நோட்டுப் புத்தகங்களில் மாதக்கணக்கான முடிவுகளைக் கட்டம் கட்டி எழுதி, சிவப்பு மையால் கோடிழுத்து இணைத்திருப்பதைப் பார்த்தால் அதில் போன உழைப்பு வியக்க வைக்கிறது. அந்த உழைப்புக்குப் பலன் கிடையாது. நேற்று தைத்த அம்புகளுக்கு இன்று தைக்கப்போகும் அம்புகளைப் பற்றி எதுவும் தெரியாது.

அம்பெய்யும் இடம் போலோ மைதானத்தை ஒட்டியது. 12 வில்வித்தைக் கழகங்கள் சேர்ந்த சங்கம் இதை நடத்துகிறது. முதல் சுற்று பிற்பகல் மூன்றரை மணிக்கும் நாலேகாலுக்கும் இடையே. இரண்டாவது அதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து. மழைக்காலத்திலும் நடக்கும், பனிக்காலத்திலும் நடக்கும். வில்லாளிகள் ஐம்பது பேர் வரை இருப்பார்கள். அன்றாடக் கூலி வாங்கிக்கொண்டு எய்பவர்கள் இவர்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 30 அம்பு, இரண்டாவதில் 20. வளைவாக வரிசைகட்டி, குத்துக்காலிட்டு, உடலைத் தாழ்த்தி அமர்கிறார்கள். வில் மூங்கிலால் ஆனது. நாணும் மூங்கில் நார்தான். நவீன விளையாட்டு வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவி எதுவும் இதில் இல்லை. அடையாளம் கிடைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எய்யத் தொடங்குகிறார்கள். ஒருவர் ஒருவராக முறை வைத்து எய்வதில்லை. எல்லாத் திசையிலிருந்தும் அம்பு ஒரே இலக்கில் வந்து விழுகிறது. யாருடைய அம்பு எது என்பது சில நொடிகளிலேயே தெரியாமல் போய்விடும். தைக்காதவை பின்னால் உள்ள மண்மேட்டிலும் தரையிலும் சிதறிக் கிடக்கும். சில நிமிடங்களில் சுற்று முடிந்துவிடுகிறது.

முடிந்ததும் எண்ணிக்கை. இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கி, சுற்றி நிற்கும் எல்லோரும் பார்க்கும்படி எண்ணுகிறார்கள். அம்பெய்வதைவிட இதைத்தான் கூட்டம் கூர்ந்து கவனிக்கிறது. உதடுகள் கூடவே எண்ணுகின்றன. நூறு, இருநூறு என்று ஏறும்போது யாருக்கும் பதற்றமில்லை. கடைசிக் கைப்பிடி அம்புகளில்தான் எல்லாமும் இருக்கிறது. எண் முடிவானதும் கைபேசிகள் காதுக்குப் போகின்றன. அடுத்த சில நிமிடங்களில் மாநிலம் முழுவதும் கரும்பலகைகளில் புதிய எண் ஏறிவிடும். கைபேசி வருவதற்கு முன் இந்தச் செய்தி தொலைபேசியிலும் வாய்வழியாகவும் போயிற்று. குக்கிராமத்துக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

தீரின் நுட்பம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 738 என்ற தொகையில் வில்லாளிகளின் திறமையைக் காட்டுவது முதல் இலக்கம். நன்றாக எய்த நாளில் அது கூடும், கை ஓடாத நாளில் குறையும். அனுபவமுள்ள பார்வையாளர் ஒருவர் அது ஏழா ஆறா என்று ஓரளவு ஊகித்துவிடக்கூடும். அந்த இலக்கத்தைத்தான் தீர் வேண்டாம் என்று ஒதுக்குகிறது. மிஞ்சும் 38இல் ஒரு காற்றுவீச்சு, ஓர் ஈர நாண், ஒருவரின் அம்பில் மோதித் தெறித்த இன்னொருவரின் அம்பு எல்லாம் கலந்துகிடக்கின்றன. பிரித்தெடுக்க யாராலும் முடியாது. ஒரு வில்லாளி காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே நான்கு அம்புகளைத் தவறவிட்டாலும் அதனால் யாருக்கும் பயனில்லை. மற்றவர்கள் எத்தனை தைத்தார்கள் என்பது தெரிந்தால்தானே கடைசி இலக்கத்தைத் திருப்ப முடியும்? அது எண்ணி முடிக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. தேர்ந்த கைகளின் வேலையைக் கொண்டே திறமையின் சாயல் இல்லாத ஓர் எண்ணை உண்டாக்குவது எளிய காரியமல்ல. இதைக் கணித நூல் படித்தவர்கள் வகுக்கவில்லை. மைதானத்தில் வில்லோடு வளர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த அளவில் இது மதிப்புக்குரிய கண்டுபிடிப்பு.

பணக்கணக்கு வேறு கதை. முதல் சுற்றில் ஒரு ரூபாய்க்கு 80 ரூபாய், இரண்டாம் சுற்றில் 60 ரூபாய், இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 4,000 ரூபாய் என்பது வழக்கமான விகிதம். நூறு பேர் நூறு எண்களில் ஆளுக்கு ஒரு ரூபாய் கட்டினால் முதல் சுற்றில் வசூல் 100, வென்றவருக்குப் போவது 80. மீதி 20 ரூபாயில் எழுதுபவர், பணம் பிடிப்பவர், கழகங்கள், வரி எல்லாம் அடங்குகின்றன. இரண்டாம் சுற்றில் மீதி 40 ரூபாய். ஃபோர்காஸ்ட் பெரிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு சுற்றுகளின் எண்களும் சேர்ந்தால் 10,000 இணைகள் உண்டாகின்றன. அதற்கு 4,000 கொடுப்பது நூற்றுக்கு நாற்பது திருப்பித் தருவதுதான். ஐரோப்பிய சூதாட்ட விடுதிகளின் ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஒரு எண்ணில் கட்டி வென்றவருக்குக் கட்டிய பணத்தோடு சேர்த்து 36 பங்கு வருகிறது. அதோடு ஒப்பிட்டால் தீர் ஏழைகளிடம் எடுத்துக்கொள்ளும் பங்கு மிகப் பெரிது. நாளுக்குப் பத்து ரூபாய் முதல் சுற்றில் கட்டுபவர் 300 நாளில் 3,000 ரூபாய் கட்டியிருப்பார். சராசரியாக 2,400 ரூபாய் திரும்பும். அதே பத்து ரூபாயை இரண்டாம் சுற்றிலும் கட்டினால் அதில் மட்டும் 1,200 ரூபாய் போகும்.

சராசரி என்பதும் ஏமாற்றும் சொல்தான். ஒரே எண்ணை விடாமல் நூறு நாள் கட்டினால் ஒரு தடவையாவது விழுந்துவிடும் என்பது ஆட்டக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. நூறு நாளில் ஒருமுறைகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். இத்தனை நாள் வரவில்லை, இனி வந்தே தீரும் என்று தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களின் வீட்டில்தான் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வைத்த பணம் கரைகிறது. முதல் சுற்றில் தோற்றதை இரண்டாவதில் மீட்க ஒரு மணி நேர இடைவெளி கிடைப்பது இந்த ஆட்டத்தின் மிகக் கொடிய அம்சம். விகிதம் குறைந்த சுற்று, மனம் தளர்ந்த நேரத்தில் வருகிறது. ஒரு ரூபாய்க்கும் கட்டலாம் என்பதைச் சாதுவான ஆட்டத்துக்குச் சான்றாகச் சொல்வது பொருந்தாது. ஒரு ரூபாயை எண்ணிச் செலவழிப்பவரையும் உள்ளே இழுக்கும் வாசல் அது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, காஸி மக்களின் வாழ்வில் வில்லுக்கு உள்ள இடத்தைச் சொல்லாமல் விட்டால் தீர் இந்த மலையில் ஏன் நிலைத்தது என்பது விளங்காது. ஆண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கில் குழந்தையின் அருகே ஒரு வில்லும் மூன்று அம்புகளும் வைப்பது காஸி மரபு. பெண் குழந்தைக்கு அரிவாளும், சுமைக்கூடையை நெற்றியில் தாங்கும் பட்டையும். அந்த அம்புகளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். தகனச் சடங்கிலும் அம்புக்கு இடமுண்டு. 1907இல் வெளிவந்த பி. ஆர். டி. கர்டனின் காஸிகள் பற்றிய நூல் வில்வித்தையை அவர்களுடைய தேசிய விளையாட்டாகவே குறிக்கிறது. ஊருக்கு ஊர் போட்டி நடந்ததையும், எதிரணியின் அம்பு தைக்காதபடி மந்திரம் சொல்வதற்கென்றே ஆள் இருந்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. வில்லுக்கு ரின்டியே, அம்புக்கு க்னாம் என்பவை காஸிச் சொற்கள்.

போரிலும் இதே வில்தான். குவாஹாட்டிப் பக்கமிருந்து காஸி மலைகளை ஊடுருவி சில்ஹெட்டுக்குச் சாலை போட ஆங்கிலேயர் முனைந்தபோது நோங்க்லாவ் நாட்டின் தலைவர் தீரோத் சிங் 1829இல் போர் தொடங்கினார். துப்பாக்கிக்கு எதிரே வில்லும் அம்பும் வாளும் கொண்டு நான்கு ஆண்டுகள் மலைப்போர் நடந்தது. 1833இல் பிடிபட்ட அவர் டாக்காவில் சிறையிருந்து 1835இல் இறந்தார். இன்று ஷில்லாங்குக்கு ஏறும் பயணி வந்து சேர்வது அவர் சாலையை எதிர்த்த மலைக்குத்தான். போர் முடிந்து, வேட்டையும் குறைந்து, வில்லுக்கு விளையாட்டு மட்டுமே மிஞ்சியது. ஊர்ப் போட்டிகளில் எத்தனை அம்பு தைக்கும் என்று பார்வையாளர்கள் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயம் வளர்ந்து போட்டியை விழுங்கிவிட்டது. தீரில் எந்த அணி வென்றது என்ற கேள்வியே இல்லை. எத்தனை தைத்தது என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இந்தியாவில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 34ஆவது இனம் அது. அவற்றின் மீதான வரி 2016 வரை 62ஆவது இனத்தில் இருந்தது. மேகாலயா 1972 ஜனவரி 21 அன்று தனி மாநிலமானது. பத்தாண்டு கழித்து, 1982இல், கேளிக்கை மற்றும் பந்தய வரிச் சட்டத்தின் வழியாகத் தீரை அரசு ஏற்றுக்கொண்டது. அதுவரை காவலரின் கண்ணுக்கு ஒளிந்து நடந்த ஆட்டம் உரிமம் பெற்ற தொழிலானது. 2018இல் அம்பெய்தலையும் தீர்ச் சீட்டு விற்பனையையும் ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே வந்தது. இதற்கு மாறாக, 2021இல் சூதாட்ட விடுதிகளுக்கு இடம் தரும் சட்டத்தை அரசு கொண்டுவந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்து, பின்னர் அது கைவிடப்பட்டது. ஊறிப்போன ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம் புதிய ஆட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டது.

திறமை, தற்செயல் என்ற பாகுபாடு இந்தியச் சட்டத்தில் பெரிய இடம் பிடித்திருப்பது. சென்னை கிண்டியின் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்து பந்தயம் கட்டுவதால் அது திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலைத் தீருக்கு வைத்துப் பார்த்தால் விடை தெளிவானது. எய்பவருக்குத் திறமை வேண்டும். கட்டுபவரின் திறமைக்கு இங்கே வேலையே இல்லை. முதல் இலக்கத்தை ஒதுக்கியபோதே அது முடிந்துவிட்டது. ஆகவே தீரைப் பாரம்பரிய விளையாட்டு என்று மட்டும் அழைத்துத் தப்பிக்க இயலாது. மேகாலயா அரசு அதைப் பந்தயம் என்று ஒப்புக்கொண்டு வரி விதித்தது நேர்மையான வழிதான்.

ஆட்டத்தை நடத்துபவரின் கைக்கு எட்டாத ஓர் இடத்திலிருந்து எண்ணை வாங்கும் எண்ணம் ஷில்லாங்குக்கு மட்டும் உரியதல்ல. தெற்கிலிருந்து இந்த மலைக்கு வருபவர்கள் பலர் கடக்கும் கொல்கத்தாவில் அதற்கு இன்னொரு பழைய வடிவம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்ராபஜாரில் மார்வாரி வணிகர்கள் மழையின் மீது பந்தயம் கட்டினார்கள். மாடியில் மழைநீர் விழும் தொட்டி; குறித்த நேரத்துக்குள் நீர் நிறைந்து குழாய்வாய் வழியே வழிந்தால் ஒரு பக்கம் வெற்றி, வழியாவிட்டால் மறுபக்கம். வானம் இருளும்போது விகிதம் ஏறும், வெளுக்கும்போது இறங்கும். மேகம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல மதிப்பிருந்தது. 1897இல் வங்காள அரசு இதைத் தடைசெய்து தனிச் சட்டம் போட்டது. அதே நகரில் குதிரைப் பந்தயம் தடையின்றித் தொடர்ந்தது. ஆங்கிலேயரின் சூது கனவான்களின் பொழுதுபோக்காகவும், கடைத்தெருக்காரரின் சூது குற்றமாகவும் தெரிந்த காலம் அது.

பம்பாயின் கதை இன்னும் தீருக்கு நெருங்கியது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியாகப் பம்பாய்க்கு வரும். அவற்றின் இலக்கங்கள் மேல் பந்தயம். கடல் கடந்த சந்தையின் விலையைப் பம்பாய்த் தெருவில் யாராலும் திருத்த முடியாது என்பதே அதன் நம்பகத்தன்மை. 1961இல் அந்த விலைகள் நின்றபோது எண்ணுக்கு வேறு ஊற்று தேவைப்பட்டது. 1962இல் கல்யாண்ஜி பகத் வோர்லியில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். 1964இல் ரத்தன் கத்ரி தனியாக ஒன்றைத் தொடங்கினார். பானைக்குள் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டு எடுத்ததால் மட்கா என்ற பெயர் வந்தது. பின்னர் சீட்டுக்கட்டு. மூன்று எண்களைக் கூட்டி, தொகையின் கடைசி இலக்கத்தை மட்டும் கொள்வார்கள்: 5, 3, 6 வந்தால் கூட்டுத்தொகை 14, ஆட்ட எண் 4. முதல் இலக்கத்தை ஒதுக்கும் அதே உத்தி. பம்பாயின் ஆலைத் தொழிலாளர்கள்தான் பெருமளவு கட்டினார்கள். தமிழ்நாட்டில் வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்தில் காட்டன் சூதாட்டம் என்ற பெயரில் காவல்துறை இன்றும் வழக்குப் பதிவது இந்தப் பருத்தி ஆட்டத்தின் கிளைக்குத்தான். பருத்தி எப்போதோ போய்விட்டது, பெயர் இருக்கிறது.

மட்காவோடு வைத்துப் பார்க்கும்போது தீரின் ஒரு நற்பண்பை ஒப்புக்கொள்ள வேண்டும். மட்கா எண் ஓர் அறைக்குள் ஒருவர் கையில் பிறந்தது. அந்த ஆள்மேல் உள்ள நம்பிக்கைதான் மூலதனம். தீரின் எண் திறந்த வெளியில் பிறக்கிறது. பார்க்க வருபவரைத் தடுப்பார் இல்லை, அம்பை எண்ணத் தெரிந்தால் போதும். சூது நடத்துவோர் ஏமாற்றும் பயத்தை அது பெருமளவு போக்கிவிடுகிறது. விகிதம் எடுத்துக்கொள்ளும் பணத்தை மட்டும் அது குறைப்பதில்லை.

இன்றைய தொல்லை மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. தீர் எண்களைக் கணித்துத் தருவதாகக் காசு கேட்கும் ஆட்கள் கைபேசிக்குள் நிறைந்திருக்கிறார்கள். மேகாலயாவுக்கு வெளியே இருந்துகொண்டு ஷில்லாங் எண்ணின் மேல் பணம் வாங்குபவர்களும் உண்டு. அந்த மாநிலத்தின் உரிமம் அவர்களுக்குச் செல்லாது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது மைதானம் மூடப்பட்டு அம்பெய்தல் நின்றது. கூலி வில்லாளிகளும் கவுன்ட்டரில் எழுதுபவர்களும் வருமானமின்றி இருந்தார்கள். தீரைத் தடைசெய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த மனிதர்களுக்கும் ஒரு வழி சொல்ல வேண்டியிருக்கிறது. தடைசெய்யாமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. இரண்டாம் சுற்றின் விகிதத்தை முதல் சுற்றுக்கு இணையாக உயர்த்துவது, ஃபோர்காஸ்ட்டை நீக்குவது, கவுன்ட்டர் வாசலில் எண்ணோடு சேர்த்து நூற்றுக்கு எத்தனை திரும்புகிறது என்பதையும் கரும்பலகையில் எழுதவைப்பது ஆகியவை ஒரு சட்டத் திருத்தத்தில் முடியக்கூடிய வேலைகள்.

ஷில்லாங்கிலிருந்து கிழக்கே சுமார் 65 கிலோமீட்டரில், ஜெயின்டியா மலையில் உள்ள ஜோவாயில் தீருக்கு இன்னொரு மைதானமும் இன்னோர் எண்ணும் உண்டு. வழியெங்கும் சோளமும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகள், பைன் காடுகள், நெடுங்கற்கள் நட்ட மேடுகள். இந்தப் பகுதிகளின் கிராமங்களில் திருவிழாக்களையொட்டி நடக்கும் வில் போட்டிகள் தீரிலிருந்து வேறானவை. அங்கே இரண்டு அணிகள், இரண்டு இலக்குகள், யார் அம்பு எது என்று தெரிந்து எண்ணும் நடுவர்கள். வென்ற ஊர் பாட்டோடு வீடு திரும்பும். ஷில்லாங் மைதானத்தில் பெயரின்றி எய்யும் கூலி வில்லாளிகளில் சிலர் இந்தப் போட்டிகளில் பழகிய கைகள்தான். அங்கே அவர்கள் தைத்த ஒவ்வோர் அம்பும் அவர்கள் பெயரிலேயே எண்ணப்படுகிறது.